பதிவேட்டில் நான்கு வரிகள்

கேள்வி:

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்று 8 மாதங்கள் ஆகின்றன. அதற்கு முன் 18 ஆண்டுகள் கணிதப் பட்டதாரி ஆசிரியையாக இருந்தேன். இங்குள்ள 11 ஆசிரியர்களில் நால்வர் வயதிலும் பணியிலும் எனக்கு மூத்தவர்கள். அவர்களுள் ஒருவரான அறிவியல் ஆசிரியரின் ஒன்பதாம் வகுப்பைச் சென்ற மாதம் பார்வையிட்டேன். அமிலங்கள், காரங்கள் பாடம். கூர்ந்தாய்வுப் பதிவேட்டில், "பாடப்பொருள் அறிவு நன்று. மாணவர் பங்கேற்பு குறைவு. துணைக்கருவிகளின் பயன்பாடு போதாது. மேம்பட வேண்டும்" என்று எழுதிக் கையொப்பம் கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் கையொப்பமிட்டார். மறுநாள் ஆசிரியர்கள் அறையில் எல்லோரும் இருக்கும்போது, "மேடம் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டட்டும், நாங்களும் பார்த்துக் கத்துக்கிறோம்" என்றார். அன்று முதல் தேவைக்கு மேல் என்னோடு ஒரு சொல்கூடப் பேசுவதில்லை.

இன்னொரு பக்கம், பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தொகுப்பூதியத்தில் சேர்ந்திருக்கும் இளம் ஆங்கில ஆசிரியை, நான் வாயைத் திறக்கும் முன்பே கண் கலங்கிவிடுகிறார். அதனால் நல்லதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். ஒவ்வொரு வரியையும் அவரே படித்துத் தமிழில் சொல்லிவிடுகிறார், பிள்ளைகள் படிப்பதே இல்லை என்று தெரிந்தும் நான் சொல்லவில்லை. தமிழ், சமூக அறிவியல் வகுப்புகளுக்குப் போனால், கணிதம் மட்டுமே தெரிந்த நான் எந்தத் தகுதியில் கருத்துச் சொல்வது என்ற தயக்கம் வேறு. மனம் புண்படாமலும் உண்மையை மறைக்காமலும் பின்னூட்டம் தருவது எப்படி? அந்த மூத்த ஆசிரியரோடு மீண்டும் எங்கிருந்து தொடங்குவது?

— ஒரு தலைமையாசிரியை

பதில்:

அன்புள்ள தலைமையாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். உங்களை அறியாமலே இந்தக் கடிதத்தில் நீங்கள் ஒரு நல்ல பின்னூட்டத்தை எழுதியிருக்கிறீர்கள். ஆங்கில ஆசிரியையைப் பற்றி, "ஒவ்வொரு வரியையும் அவரே படித்துத் தமிழில் சொல்லிவிடுகிறார், பிள்ளைகள் படிப்பதே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த உடனே அந்த வகுப்பு என் கண்முன் வந்துவிட்டது. அங்கே என்ன நடக்கிறது, அதை யார் செய்கிறார்கள், யாருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை, எந்த இடத்தில் கைவைத்தால் மாற்றலாம் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. ஆனால் அதை அவரிடம் நீங்கள் சொல்லவில்லை. அறிவியல் ஆசிரியருக்கோ நான்கு வரிகள் எழுதினீர்கள். அந்த நான்கில் எதிலும் அவருடைய வகுப்பு இல்லை.

அந்த நான்கு வரிகளை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஒரு சொல்லையும் மாற்றாமல் எந்தப் பள்ளியின், எந்தப் பாடத்தின், எந்த நாளின் பதிவேட்டிலும் அவற்றை எழுதிவிடலாம். லிட்மஸ் தாள் இல்லை, ஒரு மாணவரின் விடை இல்லை, கரும்பலகையில் இருந்தது என்ன என்பது இல்லை. 'மாணவர் பங்கேற்பு குறைவு' என்று படிக்கும் ஆசிரியருக்கு நாளைக் காலை முதல் பாடவேளையில் தான் எதை வேறுவிதமாகச் செய்ய வேண்டும் என்பது தெரியாது. செய்வதற்கு ஒன்றும் கிடைக்காதபோது, அந்த வரிகளிலிருந்து அவர் எடுத்துக்கொள்ளக்கூடியது 'நீ போதாது' என்ற ஒரே செய்திதான். அவர் மௌனமாகக் கையொப்பமிட்டதும், மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் அப்படிக் கேட்டதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். அவர் அப்படிப் பொதுவில் பேசியது சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2007-08இல், பிள்ளைகள் கற்றல் அட்டைகளைக் கொண்டு அவரவர் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தபோது நான் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தேன். ஓர் ஈராசிரியர் பள்ளியில், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முதல் வகுப்புக்குரிய அட்டையை வைத்துக்கொண்டு சுவரோரம் தனியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். ஆசிரியை 20 நிமிடங்களாக அவள் பக்கம் திரும்பவில்லை. 'கற்றல் நிலைக்கு ஏற்ற அட்டை வழங்கப்படவில்லை. தனிக் கவனம் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த பள்ளிக்குப் புறப்பட்டேன். வாசல்வரை வந்து வழியனுப்பிய அந்த ஆசிரியை, குரலை உயர்த்தாமல் சொன்னார்: அந்தச் சிறுமி பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டு ஐந்து மாதம் கழித்து முந்தின நாள்தான் திரும்பியிருக்கிறாள். படித்ததெல்லாம் மறந்துபோய், யாராவது அருகே வந்தாலே அழுகிறாள். தனக்குத் தெரிந்த அட்டைகளைத் தானே எடுத்து முடித்தால் பயம் தெளியும் என்று வேண்டுமென்றேதான் ஆசிரியை விட்டிருந்தார். இதைக் கேட்டபின் பதிவேட்டைத் திருப்பி வாங்கி எழுதியதை மாற்ற எனக்குத் துணிவு வரவில்லை. என் எழுத்து அந்தப் பள்ளியில் அப்படியே இருந்திருக்கும். நான் பார்த்தது பொய்யன்று. அட்டை, சுவரோரம், 20 நிமிடம் எல்லாம் உண்மை. பார்த்ததிலிருந்து ஒரு முடிவுக்குத் தாவியதும், வகுப்புக்கு முன் அந்த ஆசிரியையிடம் ஐந்து நிமிடம் பேசாததும்தான் தவறு.

அந்த ஐந்து நிமிடம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றன்று. அமெரிக்காவில் ஹார்வர்டில் ஆசிரியப் பயிற்சி அளித்துவந்த மாரிஸ் கோகன், ராபர்ட் கோல்ட்ஹாமர் போன்றவர்கள் 1950களிலும் 60களிலும் உருவாக்கிய மேற்பார்வை முறையில், வகுப்பைப் பார்ப்பது இரண்டாவது படிதான். கோல்ட்ஹாமர் வகுத்த ஐந்து படிகளில் முதலாவது, ஆசிரியரோடு முன்கூட்டி உரையாடுவது. பிறகு உற்றுநோக்கல், பிறகு குறித்தவற்றைத் தனியே அமர்ந்து ஆராய்தல், பிறகு ஆசிரியரோடு உரையாடல், கடைசியாகப் பார்வையிட்டவர் தன்னுடைய செயலையே திரும்பிப் பார்ப்பது. நம் பள்ளிகளில் இவற்றுள் நான்கை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டோம். முதல் படியில் மூன்று கேள்விகள் போதும்: இந்தப் பாடவேளை முடியும்போது பிள்ளைகளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? யாரைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கிறது? நான் உங்களுக்காக எதைக் கவனித்துக் குறித்துத் தரட்டும்? மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றுவது. கேட்ட உடனே பெரும்பாலானவர்கள், "நீங்களே பாருங்க மேடம்" என்பார்கள். விட்டுவிடாதீர்கள். "கடைசி இரண்டு வரிசையில் யார் யார் எழுதுகிறார்கள் என்று பார்க்கட்டுமா?" என்பதுபோல் நீங்களே ஒன்றை முன்வைத்தால், "அதைவிட, நான் சோதனை செய்து காட்டும்போது பின்னால் தெரிகிறதா என்று பாருங்கள்" என்று அவர் திருத்துவார். அந்த நொடியில் நீங்கள் ஆய்வுக்கு வந்த அலுவலர் என்ற நிலை மாறி, அவருக்கு இல்லாத இன்னொரு ஜோடிக் கண்களாக ஆகிறீர்கள்.

இனி, வகுப்பில் உட்காரும் விதம். மணி அடிப்பதற்கு முன்பே போய்விடுங்கள். பாடத்தின் நடுவே தலைமையாசிரியர் நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்வார்கள், ஆசிரியர் தன் நாற்காலியை நகர்த்திக் கொடுப்பார், அதோடு அந்த வகுப்பின் இயல்பு போய்விடும். முன்னால் போட்ட நாற்காலியைத் தவிர்த்து, பக்கவாட்டில் பின்புறமாக, பிள்ளைகளின் முகமும் நோட்டும் தெரியும் இடத்தில் பெஞ்சிலேயே உட்காருங்கள். நாம் ஆசிரியரைப் பார்க்கப் பழகிவிட்டோம்: குரல், கையெழுத்து, கரும்பலகை, பாடக்குறிப்பு. கற்றல் நடக்கும் இடமோ பிள்ளைகளிடம் இருக்கிறது. "புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு வகுப்பே சேர்ந்து சொல்லும் "புரிஞ்சுது சார்" எதையும் நமக்குத் தெரிவிப்பதில்லை. அருகில் இருக்கும் பிள்ளையின் நோட்டில் கடைசி ஐந்து வரிகளும், செய்முறை நேரத்தில் மெல்லிய குரலில் "இப்ப என்ன செய்றீங்க, எதுக்கு?" என்று கேட்டால் வரும் விடையும் அதைவிட அதிகம் தெரிவிக்கும்.

ஒரு தாளை நடுவில் கோடிட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நேரமும் நடந்ததும் மட்டும்; வலப்பக்கம் உங்கள் மனத்தில் எழும் கேள்வி. நீங்கள் பார்த்த அதே பாடத்துக்கு எடுத்துக்காட்டாக எழுதிப் பார்க்கிறேன். "10.12: 'எலுமிச்சைச் சாற்றில் நீல லிட்மஸ் என்ன நிறமாகும்?' உடனே முன்வரிசையில் இருவர்: 'சிவப்பு சார்.' ஆசிரியர்: 'ஆமாம், ஏன்னா அது அமிலம்.' 10.13: 'சோப்புத் தண்ணீரில் சிவப்பு லிட்மஸ்?' அதே இருவர்: 'நீலம்.' 10.15: தாளைத் தோய்த்து மேசையருகே உயர்த்திக் காட்டுகிறார். மூன்றாம் வரிசைக்குப் பின்னால் சிலர் எழுந்து எட்டிப் பார்க்கிறார்கள். ஜன்னலோர வரிசை எழவில்லை." வலப்பக்கத்தில்: "ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் நிறத்தை முன்கூட்டி ஊகித்தார்களா, யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தார்களா?" இதில் 'குறைவு', 'போதாது', 'நன்று' என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பதிவேட்டில் நீங்கள் எழுதிய இரண்டாவது, மூன்றாவது வரிகளில் சொல்ல நினைத்தது முழுவதும் இதில் இருக்கிறது.

இதோடு ஓர் இருக்கை வரைபடம் சேர்ந்தால் இன்னும் நல்லது. வகுப்பில் உள்ள இடங்களைக் கட்டங்களாக வரைந்து, ஒவ்வொரு முறை ஒருவர் விடை சொல்லும்போதும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். பாடவேளை முடியும்போது நான்கைந்து கட்டங்களில் கோடுகள் குவிந்திருப்பதையும், ஒரு முழு வரிசை வெறுமையாக இருப்பதையும் ஆசிரியரே பார்ப்பார். பி.எட். படிக்கும்போது ஃபிளாண்டர்ஸின் இடைவினைப் பகுப்பாய்வைத் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள்: வகுப்பில் யார் பேசுகிறார் என்பதற்கு 3 நொடிக்கு ஒரு குறியீடு, மொத்தம் 10 வகைகள், அவற்றுள் 7 ஆசிரியர் பேச்சுக்கும் 2 மாணவர் பேச்சுக்கும் 1 அமைதி அல்லது குழப்பத்துக்கும். அதை முழுமையாகச் செய்யத் தனிப் பயிற்சி வேண்டும், தலைமையாசிரியருக்கு அதற்கு நேரமும் இல்லை. யார் பேசுகிறார்கள் என்பதைக் கருத்தாக எழுதாமல் எண்ணிக் காட்டலாம் என்ற அதன் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

எண்ணுவதற்கு இன்னொன்றும் சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த வகுப்புகளில் இதைவிட விரைவாகப் பலன் தந்தது வேறொன்றுமில்லை. அறிவியல் கல்வி ஆய்வாளரான மேரி பட் ரோவ் 1970களில், கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதை ஒலிப்பதிவுகளைக் கொண்டு அளந்தார். சராசரியாக ஒரு நொடி அளவுதான். அதை 3 நொடி அல்லது அதற்கு மேல் நீட்டிக்கப் பழகிய வகுப்புகளில் பிள்ளைகளின் விடைகள் நீண்டன, விடையே வராத கேள்விகள் குறைந்தன, மெல்லக் கற்பவர்கள் என்று ஆசிரியர்கள் ஒதுக்கி வைத்திருந்தவர்களும் பேசத் தொடங்கினார்கள். எந்த உபகரணமும் நிதியும் இதற்குத் தேவையில்லை. "நீங்கள் காத்திருப்பதில்லை" என்று சொன்னால் எந்த ஆசிரியரும் ஒப்புக்கொள்ள மாட்டார். வகுப்பில் நிற்பவருக்கு ஒரு நொடி ஐந்து நொடியாகத் தோன்றும். 12 கேள்விகளுக்குப் பக்கத்தில் நொடிகளைக் குறித்த தாளைக் கையில் கொடுத்தால், அவர் தாமே சிரித்துவிட்டு, "இவ்வளவு அவசரப்படுறேனா?" என்பார்.

வகுப்புக்குப் பின்னான உரையாடலை அன்றே வைத்துக்கொள்ளுங்கள்; மூன்று நாள் கழிந்தால் இருவருக்கும் நினைவு மங்கிவிடும். உங்கள் அறைக்கு அழைக்காதீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நீங்களும் இந்தப் பக்கம் அவரும் என்ற அமைப்பில், நீங்கள் என்ன சொன்னாலும் அது விசாரணையாகவே கேட்கும். ஆய்வகத்திலோ, பிள்ளைகள் போன பிறகு அதே வகுப்பறையிலோ, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தாளை இருவருக்கும் நடுவில் வைத்துப் பேசுங்கள். "வகுப்பு எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா போச்சு மேடம்" என்று பேச்சு முடிந்துவிடும். "நீங்கள் நினைத்தபடியே போன இடம் எது, திட்டம் மாறிய இடம் எது?" என்று கேளுங்கள். பிறகு தாளைக் காட்டிவிட்டு அமைதியாக இருங்கள். அந்த அமைதி கடினமானது. நான் பல ஆண்டுகள் அதைத் தாங்க முடியாமல் நடுவில் புகுந்து அறிவுரை சொல்லிக் கெடுத்திருக்கிறேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு 3 நொடி கொடுக்கச் சொல்லும் நாம், ஆசிரியருக்கு 30 நொடியாவது கொடுக்க வேண்டும்.

முதலில் பாராட்டு, நடுவில் குறை, முடிவில் மீண்டும் பாராட்டு என்று பயிற்சிகளில் சொல்லித்தரும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. கசப்பு மருந்தை வெல்லத்தில் பொதிந்து கொடுப்பதுபோல் அது ஒரு முறை பலிக்கும். இரண்டாம் முறை முதல், நீங்கள் பாராட்டத் தொடங்கியதுமே 'ஆனால்' எப்போது வரும் என்று ஆசிரியர் காத்திருப்பார். உண்மையான பாராட்டும் அதற்குப் பின் செல்லாக்காசாகிவிடும். பின்னூட்டம் என்றாலே நன்மை என்ற நம்பிக்கையும் சரியன்று. க்ளூகர், டெனிசி என்ற இரு உளவியலாளர்கள் 1996இல், பல துறைகளில் நடந்த 600க்கும் மேற்பட்ட ஒப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பின்னூட்டம் செயல்திறனை உயர்த்தியிருந்தது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. அவர்கள் காட்டிய காரணம் நமக்கு முக்கியமானது: கவனம் வேலையிலிருந்து விலகி 'நான் எப்படிப்பட்டவன்' என்பதன் பக்கம் திரும்பும்போது பின்னூட்டத்தின் பயன் குறைகிறது. இது குறைகூறலுக்கு மட்டுமன்றிப் புகழ்ச்சிக்கும் பொருந்தும். "நீங்கள் சிறந்த ஆசிரியை" என்பதைவிட, "இரண்டாம் பெஞ்சு மாணவன் தவறாகச் சொன்னபோது 'எப்படி யோசிச்சே?' என்று கேட்டீர்கள், அவன் தன் தவறைத் தானே கண்டுபிடித்தான்" என்பது அவர் நாளையும் செய்யக்கூடிய ஒன்றைக் கையில் கொடுக்கிறது.

உரையாடலின் முடிவில் ஒரே ஒரு மாற்றத்தை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். ஐந்து குறைகள் கண்ணில் பட்டிருந்தாலும் நான்கை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றை எப்போது செய்து பார்ப்பார், நீங்கள் எப்போது மீண்டும் 15 நிமிடம் வந்து அதை மட்டும் பார்ப்பீர்கள் என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த நுண்ணிலைக் கற்பித்தலை, அதாவது ஒரு சிறு குழுவுக்குச் சில நிமிடம் பாடம் எடுத்து ஒரு திறனை மட்டும் பழகும் பயிற்சியை, நாம் எல்லோரும் பி.எட்.டில் செய்தோம். அதன் இந்திய வடிவத்தில் மொத்தம் 36 நிமிடம்: கற்பித்தலுக்கு 6, பின்னூட்டத்துக்கு 6, மறுதிட்டமிடலுக்கு 12, மறுகற்பித்தலுக்கு 6, மறுபின்னூட்டத்துக்கு 6. குறை கேட்பதற்குக் கொடுத்ததைப் போல் இருமடங்கு நேரம், அடுத்து என்ன செய்வது என்று திட்டமிடுவதற்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பின்னூட்டம் அந்தச் சுழற்சியின் நடுவில்தான் வருகிறது. பணியில் சேர்ந்ததும் நாம் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 24 நிமிடத்தைத் தொலைத்துவிட்டோம்.

பதிவேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை எழுதாமல் இருக்க உங்களால் முடியாது. நாளை மாவட்டக் கல்வி அலுவலர் வந்தால் அதைத்தான் கேட்பார். அதில் பாடம், நாள், நீங்கள் கண்ட இரண்டு மூன்று நிகழ்வுகள், ஆசிரியரும் நீங்களும் ஒப்புக்கொண்ட அடுத்த படி, மீண்டும் பார்க்கும் நாள் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். எழுதும் முன் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். கோடிட்ட தாளும் இருக்கை வரைபடமும் ஆசிரியருக்கே சொந்தம். பிரதி எடுத்து வைத்துக்கொள்ளாமல் அவரிடமே கொடுத்துவிடுங்கள். ஒரே ஆள் ஒரு நாள் பார்த்த ஒரு பாடவேளையை வைத்து ஓர் ஆசிரியரின் தரத்தை எடைபோட முடியாது என்பதைப் பிற நாடுகளும் பட்டுத்தான் உணர்ந்திருக்கின்றன. இங்கிலாந்தின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட், தனித்தனி வகுப்புகளுக்குத் தரநிலை இடுவதை 2014இல் கைவிட்டது. நம் நாட்டிலும் 1964-66 கோத்தாரி கல்விக் குழு, நிர்வாகத்தையும் கல்விசார் மேற்பார்வையையும் வெவ்வேறு கைகளில் வைக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. தற்செயல் விடுப்புக்குக் கையொப்பமிடும் அதே கை, வகுப்பைப் பற்றியும் எழுதும் நிலையில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். அந்தச் சங்கடம் உங்கள் குணத்தால் வந்ததன்று; பதவியின் அமைப்பில் இருப்பது. அதை ஆசிரியர்களிடம் வெளிப்படையாகவே பேசலாம்.

இந்த மென்மை எதற்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வகுப்பில் பிள்ளையை அடிப்பதையோ, சாதியையோ உருவத்தையோ சொல்லி இழிவுபடுத்துவதையோ பார்த்தால், அது பின்னூட்டத்துக்குரிய விஷயமே அன்று. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல்சார் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அங்கே நீங்கள் உடனே தலையிட்டு, முறைப்படி நடவடிக்கை எடுக்க வேண்டிய தலைமையாசிரியை.

உங்கள் தகுதியைப் பற்றிய தயக்கத்துக்கு வருவோம். தமிழ்ப் பாடத்தில் யாப்பை விளக்கியது சரியா என்று நீங்கள் சொல்ல முடியாது; சொல்லவும் கூடாது. யார் விடை சொன்னார்கள், நோட்டில் என்ன இருக்கிறது, எந்த இடத்தில் பிள்ளைகளின் கண் ஜன்னலுக்குப் போனது என்பதைக் காண எந்தப் பட்டமும் தேவையில்லை. பாடப்பொருளில் ஏதோ இடறினால், "இந்த இடம் எனக்கு விளங்கவில்லை, சொல்லுங்களேன்" என்று மாணவியாகவே கேளுங்கள். தவறு இருந்தால் விளக்கும்போது அவரே கண்டுகொள்வார். ஆழமாகப் பார்க்க வேண்டுமென்றால், அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சந்திக்கும் அதே பாட ஆசிரியர் ஒருவரை வகுப்புக்கு வரச்சொல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஓர் எச்சரிக்கை மட்டும்: எல்லா வகுப்பும் கணித வகுப்பைப்போல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தமிழாசிரியர் செய்யுளை இசையோடு சொல்ல, பிள்ளைகள் பத்து நிமிடம் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தால், இருக்கை வரைபடத்தில் ஒரு கோடும் விழாது. அதைப் பங்கேற்பு இல்லாத வகுப்பு என்று எழுதினால் நமக்குத்தான் கேட்கத் தெரியவில்லை என்று பொருள்.

இளம் ஆங்கில ஆசிரியைக்கு உண்மையைச் சொல்லாமல் விடுவதை நான் இரக்கம் என்று எண்ணவில்லை. அவர் கண் கலங்குவது குறையைக் கேட்டு மட்டுமாக இருக்காது. தொகுப்பூதியத்தில் இருப்பவருக்கு, உங்கள் ஒவ்வொரு சொல்லும் அடுத்த கல்வியாண்டில் வேலை இருக்குமா என்ற கேள்வியாகவே கேட்கும். எனவே வகுப்புப் பார்வைத் தாளைப் பணி நீட்டிப்புக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். காப்பாற்ற முடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள். பிறகு ஒன்றே ஒன்று: "நாளைய பாடத்தில் முதல் பத்தியை நீங்கள் படிக்கும் முன், பிள்ளைகள் இருவர் இருவராகச் சேர்ந்து நான்கு நிமிடம் படிக்கட்டும், தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு போடட்டும். அதன்பின் அடிக்கோடிட்ட சொற்களை மட்டும் விளக்குங்கள்." இதைச் சொல்லிவிட்டு எழுந்து போகாமல், "அந்த நான்கு நிமிடத்துக்குப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி அனுப்புவீர்கள், என்னிடம் சொல்லிப் பாருங்கள்" என்று நீங்கள் மாணவியாக உட்காருங்கள். அவர் தடுமாறுவார், சிரிப்பார், மறுபடி சொல்வார். மறுநாள் போய் அந்த நான்கு நிமிடத்தை மட்டும் பார்த்து, எத்தனை ஜோடிகள் உண்மையில் வாய்விட்டுப் படித்தன என்று எண்ணிச் சொல்லுங்கள். ஆறு ஜோடிதான் படித்தது என்றாலும், நேற்றுவரை ஒன்றுமில்லையே.

மூத்த அறிவியல் ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டதைக் கேலி என்று ஒதுக்கிவிடாமல், சொன்னபடியே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலை நாளில் ஆய்வகத்துக்குப் போய் அவரைத் தனியே சந்தியுங்கள். "சார், நான் எழுதிய வரிகளில் உங்கள் வகுப்பே இல்லை. முன்னதாக உங்களிடம் பேசவும் இல்லை. அது என் தவறு" என்று சொல்லுங்கள், பதிவேட்டில் எழுதியதை அழிக்க முடியாது, அடுத்த பார்வையின்போது முறையாக எழுதலாம் என்பதையும் சொல்லுங்கள். பிறகு, "அன்று நீங்கள் கேட்டதுபோல் வரும் வியாழக்கிழமை ஒன்பதாம் வகுப்புக்கு நான் கணிதம் எடுக்கிறேன். பின்னால் உட்கார்ந்து இரண்டை மட்டும் குறித்துக் கொடுங்கள்: கேள்வி கேட்டபின் நான் எத்தனை நொடி காத்திருக்கிறேன், எந்த வரிசையிலிருந்து விடையே வரவில்லை" என்று கேளுங்கள். நன்றாக எடுக்கும் வகுப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, முன்பே ஒத்திகை பார்த்த பாடத்தை எடுக்காதீர்கள். அந்த வாரத்தின் இயல்பான பாடத்தையே எடுங்கள். வகுப்பு முடிந்து அவர் அந்தத் தாளைக் கொடுக்கும்போது, ஏன் அப்படி ஆயிற்று என்று விளக்கம் சொல்லத் தோன்றும். சொல்லாமல் வாங்கிப் படித்துவிட்டு, அவருடைய அடுத்த வகுப்பில் நீங்கள் எதைக் குறித்துத் தர வேண்டும் என்று கேளுங்கள்.